ஊராட்சியின் புகைக் கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம். பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லைங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். பதினோராவது சேர அப்பா காசு வச்சிருந்தார், ஆனா பஸ் இல்லை. குழுவிலே தீர்மானப் புத்தகம் எழுதி எழுதித்தான் என் கையெழுத்தே மறுபடியும் நேராச்சு. "ஊராட்சியும் சுற்றுச்சூழலும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் அதை எனக்குப் புரிந்த மாதிரி "ஊராட்சியின் புகைக் கணக்கு" என்று மாற்றிக்கொண்டேன். தப்பாக ஏதாவது சொன்னால் உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி மாசத்தில் ஒரு ராத்திரி. என் சின்னவனுக்கு ஆறு வயசு. படுத்தவன் எழுந்து உட்கார்ந்துக்கிட்டு மூச்சை இழுத்து இழுத்து விடறான். நெஞ்சுக்குள்ளே பூனை கத்தற மாதிரி சத்தம். அவங்கப்பா வண்டியை எடுக்க, நடுவிலே அவனை உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கிலே மாஸ்க் வச்சு மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கியது. அங்கே இருந்த நர்ஸம்மா கேட்டார்: "வீட்டுப் பக்கத்துல புகை ஏதாவது இருக்குதா?" நான் பட்டென்று சொன்னேன், "இல்லீங்க, எங்களுது காஸ் அடுப்புதானுங்க."

வீட்டுக்குத் திரும்பி வரும்போது விடியற்காலம். எங்கள் தெருமுனையில் ஓடை இருக்கிறது. அந்த ஓடைக்கரையில்தான் ஊர்க் குப்பை கொட்டுகிற இடம். அங்கே குப்பை புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகை பனியோடு சேர்ந்து தரையோடு தரையாக எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் படுத்துக் கிடந்தது. தினமும் பார்க்கிற புகைதான். நர்ஸம்மா கேட்டபோது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. அவ்வளவு பழகிப்போய்விட்டது.

மறுநாள் காலையிலே நான் நேரே போய் சண்டை போட்டேன். யார்கிட்டே? ஊர்க் குப்பை எடுக்கிற தூய்மைக் காவலர் அக்காகிட்டே. அந்த அக்கா வேறு யாரும் இல்லை, எங்கள் குழு உறுப்பினர்தான். பத்து வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டியவர்கள். "என் புள்ளைக்கு மூச்சு நின்னுருக்கும், நீங்க தீய வச்சுட்டுப் போறீங்க" என்று கத்தினேன். அந்த அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. "உன் வீட்டுப் பையையே அவுத்துப் பாரு அம்மணி. சோத்துக்குள்ள பிளேடு கிடக்குது. பிரிச்சு எடுக்கறது எப்படி? வண்டி பேட்டரி போயி நாலு மாசமாச்சு. தள்ளிக்கிட்டு வந்து கொட்டறேன். இடம் நெறஞ்சா கொளுத்தச் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு அன்றைக்கு வாயே வரவில்லைங்க. அந்த பிளேடு எங்கள் வீட்டு பிளேடாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் சோறும், பால் பாக்கெட்டும், பிளேடும் ஒரே பையில் கட்டித் தெருவில் வைத்தவள்தானே நானும். அந்த வாரக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பேச்சே ஆரம்பிச்சது.

கார்பன், கார்பன் என்று டிவியில் சொல்கிறார்களே, அது நாம் பத்தாவது அறிவியலில் படித்த கரியமில வாயுதான். நிலக்கரி, பெட்ரோல், டீசல், காஸ், விறகு எதை எரித்தாலும் வருவது. அது பூமிக்கு மேலே போர்வை மாதிரி சேர்ந்துகொண்டே போவதால்தான் வெயில் ஏறுகிறது, மழை காலம் தவறுகிறது என்கிறார்கள். விதைத்த சோளம் காய்ந்ததையும், அறுத்து வச்ச கடலை நனைந்ததையும் பார்த்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

"ஃபேக்டரி வச்சிருக்கறவங்க குறைக்கட்டும், நம்ம ஊராட்சி என்னத்தைக் குறைக்க முடியும்?" என்று எங்கள் குழுவிலேயே ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய புகை பெரிய இடத்திலிருந்துதான் வருகிறது. ஆனாலும் ஊராட்சி என்பதும் ஒரு குடும்பம் மாதிரி. அதுக்கும் கரண்ட் பில் வருகிறது, வண்டி ஓடுகிறது, குப்பை சேர்கிறது. தெருவிளக்கு, தண்ணி மோட்டார், குப்பை, வண்டி, கட்டடம் என்று இந்த அஞ்சையும் பார்த்தாலே ஒரு ஊராட்சியின் புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இதில் எதையும் குறைத்தால் புகையும் குறையும், செலவும் குறையும்.

இதைச் செய்து காட்டிய ஊராட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், நீலகிரி மலையடிவாரத்தில் ஓடந்துறை ஊராட்சி. 1996-ல் சண்முகம் என்பவர் தலைவராக வந்தார். பத்து வருஷம் இருந்தார். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கொடுக்க மோட்டார் போட்டார்கள், தெருவிளக்குப் போட்டார்கள். வசதி கூடியது, கூடவே கரண்ட் பில்லும் ஏறியது. ஊராட்சிப் பணத்தில் பெரும்பங்கு பில் கட்டவே போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் கரண்டை நாமே உண்டாக்கினால் என்ன என்று யோசித்தார்கள்.

முதலில் 2003-ல் 9 கிலோவாட்டில் ஒரு சின்ன இயந்திரம் வைத்தார்கள். மரக்கழிவைப் போட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் தண்ணி மோட்டாரை ஓட்டினார்கள். சோலார் தெருவிளக்கும் போட்டார்கள். அப்புறம்தான் பெரிய வேலை. 2006-ல் ஊராட்சியே சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட். விலை ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த பணம் 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் பேங்க் கடன்.

இந்தக் கணக்கைப் பயிற்சி வகுப்பில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா இது நம்ம குழுக் கணக்கு. நாம முதலில் சேமிக்கிறோம், சேமிப்பைக் காட்டி பேங்க்கில் கடன் வாங்குகிறோம், கறவை மாடு வாங்குகிறோம், பால் காசில் கடனைக் கட்டுகிறோம். அவர்கள் மாட்டுக்குப் பதிலாகக் காற்றாலை வாங்கினார்கள். பாலுக்குப் பதிலாகக் கரண்ட். வருஷத்துக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் வரை அதில் கிடைக்கும் என்பது கணக்கு. ஊராட்சிக்குத் தேவை நாலரை லட்சம் யூனிட். மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக அடிக்கிற உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் இருக்கிறது. அங்கே உண்டாகும் கரண்ட் மின்வாரியக் கம்பியில் கலந்துவிடும், கணக்கு ஊராட்சிக்கு வரும். நான் சின்னப் பிள்ளையிலிருந்து பழனிக்குப் போகிறபோதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்தப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பெரிய மில்காரர்களோடது என்றுதான் நினைத்திருந்தேன். அதில் ஒன்று நம்மை மாதிரி ஒரு ஊராட்சியின் சொத்து என்று தெரிந்ததும் அடுத்த தடவை போகும்போது எது எது என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

நிலக்கரியில் கரண்ட் எடுக்கிற நம் நாட்டில், ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியே போகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் ஆறே முக்கால் லட்சம் யூனிட்டுக்கு ஐநூறு டன். ஒரே ஒரு ஊராட்சி, ஒரே ஒரு காற்றாலை.

எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்க முடியாது. அது எனக்கும் தெரியும். வாங்க முடியாத ஊராட்சி என்ன செய்யலாம் என்பதற்கு இன்னொரு ஊரைச் சொல்கிறேன். கேரளாவில் வயநாடு மாவட்டத்தில் மீனங்காடி ஊராட்சி. 2016-ல் சுற்றுச்சூழல் தினத்தன்று அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள். நம் ஊராட்சி எவ்வளவு கரியமில வாயு விடுகிறதோ, அவ்வளவையும் நம் மண்ணும் மரமுமே இழுத்துக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று. இதைத்தான் கார்பன் சமநிலை என்கிறார்கள். வரவும் செலவும் சரியாகிற மாதிரி.

அவர்கள் முதலில் செய்தது மரம் நடுவது இல்லை. கணக்கு எடுத்தது. வீடு வீடாகப் போய், எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை வண்டி, எந்த அடுப்பு, எத்தனை மாடு, எத்தனை மரம் என்று எழுதினார்கள். கணக்கு இல்லாமல் குறைக்கிறோம் என்றால், எடை போடாமல் இளைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரிதான்.

அங்கே மர வங்கி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விவசாயி தன் நிலத்தில் வளர்க்கிற மரத்தைக் கூட்டுறவு வங்கியில் அடமானம் மாதிரி எழுதிக்கொடுக்கலாம். ஒரு மரத்துக்கு வருஷம் 50 ரூபாய் என்று பத்து வருஷத்துக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கும். மரத்தை வெட்டினால் பணத்தைத் திருப்பிக் கட்டணும். வெட்டாமல் விட்டால் கட்ட வேண்டியதில்லை. அவசரத்துக்குத்தானே நம்ம ஆட்கள் வேம்பையும் புளியையும் வியாபாரிக்கு விற்கிறார்கள்? பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் என்றால் முதலில் விழுவது கொல்லை மரம்தான். அந்த அவசரத்தைப் புரிந்துகொண்டு செய்த திட்டம் இது என்பதால்தான் எனக்குப் பிடித்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நவம்பர் 1, உள்ளாட்சி தினக் கிராம சபை. குழுவிலிருந்து ஏழு பேர் மனு எழுதிக்கொண்டு போனோம். குப்பை எரிக்கக் கூடாது, வண்டிக்குப் பேட்டரி போட வேண்டும் என்று. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். படிக்கவில்லை. நிதி வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். மேடையில் இருப்பவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். ஏழு பேரும் முகம் சுண்டித் திரும்பி வந்தோம்.

கூட்டமைப்பில் பேசினோம். தலைவி அக்கா கேட்டார், "ஏழு பேர் போனா மனு. எழுபது பேர் போனா?" ஜனவரி 26 கிராம சபைக்கு எல்லாக் குழுவிலிருந்தும் போனோம். எழுபது பேர் வரவில்லை, நாற்பது பேர் இருந்திருப்போம். அதிலே அந்தத் தூய்மைக் காவலர் அக்காவே எழுந்து கையைக் காட்டிப் பேசினார். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டோம். பங்குனியில் வண்டிக்குப் பேட்டரி வந்தது.

வண்டி வந்தால் போதுமா? பிரித்துக் கொடுக்க வேண்டியது நாம்தானே. முதலில் மூன்று தெருவில் மட்டும் ஆரம்பித்தோம். மக்குகிற குப்பை பச்சை வாளி, மக்காத குப்பை ஒரு சாக்கு, நாப்கின் மாதிரியானது பேப்பரில் சுற்றித் தனியாக. குழு உறுப்பினர் வீடு முதலில், அப்புறம் பக்கத்து வீடு. முதல் மாசம் வாளியை மாட்டுத் தண்ணிக்கு எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. "குப்பையப் பிரிக்கவா உன்னைப் பத்தாவது படிக்க வச்சாங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்கள் வீட்டு வாசலில் அந்த அக்கா வண்டியை நிறுத்தி, சிரித்துக்கொண்டே, "பிரிச்சுக் குடுங்க சாமி, என் விரலைக் காப்பாத்துங்க" என்பார். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

மக்குகிற குப்பையைக் குவித்துப் போட்டாலும் கெடுதல்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. காற்றுப் போகாமல் உள்ளே அழுகினால் மீத்தேன் என்ற வாயு வரும். அது கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்குமாம். அதனால்தான் உரக்குழியில் போட்டு, சாணித் தண்ணி தெளித்து, கிளறிவிட்டு, காற்றுப் போகும்படி மக்க வைக்கச் சொல்கிறார்கள். ஊராட்சியில் கட்டிப் பூட்டிக் கிடந்த மண்புழு உரக் கொட்டகையைத் திறந்தோம். இப்போது அந்த உரம் அங்கன்வாடித் தோட்டத்துக்கும், கேட்கிறவர்கள் முருங்கைக்கும் போகிறது.

பிளாஸ்டிக் பைதான் இன்னும் தலைவலி. 2019 ஜனவரி 1-லிருந்து ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை. மஞ்சப்பை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சந்தையில் இன்னும் கொடுக்கிறான், நாமும் வாங்குகிறோம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் தூளாக்கித் தாரோடு கலந்து ரோடு போடலாம் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் கிராமத்து ரோடுகளும் அப்படிப் போடப்பட்டிருக்கின்றன. பிரித்துக் காய வைத்துக் கொடுத்தால் அதுக்கும் ஒரு வழி இருக்கிறது. எரித்தால் என் பையன் நெஞ்சுக்குள்தான் போகிறது.

குப்பைக்காகக் கிராம சபைக்குப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. செலவுக் கணக்கு வாசித்தார்கள். மின் கட்டணம் என்று ஒரு தொகை வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா என் தொடையைக் கிள்ளினார். அவ்வளவு பெரிய தொகை. அடுத்த வாரம் தெருவில் நடந்து பார்த்தோம். காலை பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிகிறது. மேல்நிலைத் தொட்டி நிறைந்து வழிந்து பக்கத்தில் கோரைப்புல்லே முளைத்திருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஊராட்சியில் இருநூறு தெருவிளக்கு என்று வையுங்கள். பழைய ட்யூப்லைட் சோக்கோடு சேர்த்து 55 வாட் இழுக்கும். எல்இடி 20 வாட் போதும். ராத்திரி பதினோரு மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு ஒரு விளக்குக்கு 140 யூனிட் மிச்சம். இருநூறு விளக்குக்கு 28,000 யூனிட். அது இருபது டன் கரியமில வாயு. அதே இருநூறு எல்இடியையும் பகல் பன்னிரண்டு மணி நேரம் அணைக்காமல் விட்டால் ஒரு நாளைக்கு 48 யூனிட் வீண். எல்இடி மாட்டிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு பகலிலும் எரியவிட்டால் மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் போய்விடும்.

தண்ணி மோட்டாரும் அப்படித்தான். ஏழரை எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஏழு யூனிட். தொட்டி வழிவதாலும் குழாய் ஒழுகுவதாலும் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் வருஷம் 2,555 யூனிட். இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மியாகக் கரியமில வாயு. தெருக்குழாயில் திருகு இல்லாமல் ஒழுகுகிறதே, அது தண்ணியை மட்டும் வீணாக்கவில்லை, எங்கேயோ எரிகிற நிலக்கரியையும் வீணாக்குகிறது.

இப்போது எங்கள் பகுதியில் தெருவிளக்கு சுவிட்சை காலையில் அணைக்கிற பொறுப்பை மூன்று குழுக்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. கோலம் போட வருகிறவர் அணைத்துவிட்டுத்தான் கோலப்பொடி டப்பாவைத் திறக்க வேண்டும் என்று முடிவு. தொட்டி வழிந்தால் மோட்டார் போடுகிற அண்ணாவுக்கு போன் பண்ணுகிற பொறுப்பு தொட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. பாட்டி ஒரு நாளும் தவறியதில்லை. அண்ணாதான் சில நாள் போன் எடுப்பதில்லை.

அடுத்து நாம் கேட்க வேண்டியது ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, நூலகம் இவற்றின் மாடியில் சோலார். ஐந்து கிலோவாட் வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் இருபது யூனிட் கிடைக்கும். பகலில்தான் அந்தக் கட்டடங்களுக்குக் கரண்ட் வேண்டும், பகலில்தான் சோலாரும் கொடுக்கும். பொருத்தமான ஜோடி.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் தினத்துக்கு நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஆடியில் பார்த்தால் ஆடு தின்ற குச்சி நிற்கிறது. அடுத்த வருஷம் அதே குழியில் மறுபடியும் போட்டோ. நூறு நாள் வேலையில் இருக்கும் நம் பெண்களுக்கு நடுகிற வேலையோடு, மூன்று வருஷம் தண்ணி ஊற்றி வேலி கட்டுகிற வேலையையும் கேட்டு வாங்க வேண்டும். புங்கன், வேம்பு, நாவல், புளி என்று நம் மண்ணுக்கு ஏற்றதாக இருக்கட்டும். மரம் வளர்ந்து கரியமில வாயுவை இழுக்கப் பல வருஷம் ஆகும். அதனால் மரம் நட்டுவிட்டோம், இனி குப்பையைக் கொளுத்தலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு ஒன்பது தலைப்பு வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று தூய்மையான பசுமையான கிராமம். நம் கூட்டமைப்பு கொடுக்கிற கோரிக்கையும் அந்தத் திட்டத்தில் சேர வேண்டியது. எனவே பிச்சை கேட்கிற மாதிரி நிற்க வேண்டாம். நம் இடம் அது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். நம் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு வாசிக்கிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்கிறோம். அதே மாதிரி ஒவ்வொரு கிராம சபையிலும் ஊராட்சியின் புகைக் கணக்கையும் வாசிக்கச் சொல்லுவோம். போன தடவை எத்தனை யூனிட் கரண்ட், இந்தத் தடவை எத்தனை? வண்டிக்கு எத்தனை லிட்டர் டீசல்? ஒரு லிட்டர் டீசலுக்கு இரண்டேமுக்கால் கிலோவை ஒட்டிக் கரியமில வாயு வரும். எத்தனை நாள் குப்பை எரிந்தது? நட்ட கன்றில் எத்தனை உயிரோடு இருக்கிறது? நாலு வரி. ஒரு பக்க நோட்டில் எழுதிவிடலாம். செயலர் சாருக்கு நேரம் இல்லை என்றால் நம் கூட்டமைப்புப் பதிவாளரே எழுதிக் கொடுக்கட்டும்.

1989-ல் தருமபுரியில் முதல் முதலாக மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோது, பெண்கள் பேங்க்குக்குள் போய்க் கணக்கு கேட்பார்கள் என்று யாராவது நினைத்திருப்பார்களா? இன்றைக்கு மேனேஜர் நாற்காலி போடச் சொல்கிறார். புகைக் கணக்கும் அப்படித்தான் பழகிவிடும்.

முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் குப்பை மலை மாதிரி வரும்போது ராத்திரியில் யாரோ இன்னும் தீ வைக்கிறார்கள். மூன்று தெரு எட்டுத் தெருவாகியிருக்கிறது, மீதி பதினோரு தெரு இருக்கிறது. என் பையனுக்குப் பனிக்காலத்தில் இன்னும் இருமல் வருகிறது. ஆனால் இந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரிகூட ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. புகை குறைந்ததாலா, வயசு ஏறியதாலா, டாக்டர் கொடுத்த மருந்தாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. விடியற்காலையில் வாசல் தெளிக்கிறபோது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பனைமரம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்னே தெரியாது.

அந்தத் தூய்மைக் காவலர் அக்கா இன்றைக்கு இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விரல் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. கூட்டம் முடிந்து சாப்பிட்டு இலை எடுக்கும்போது, தண்ணி டம்ளரை இலைக்குள் வைத்து மடிக்காமல் தனியாகப் போடுங்கள். இந்தப் பேச்சைக் கேட்டதற்கு அது ஒன்று செய்தால் போதும்.